லூக் கீக்லி: ஒரு நடு லைன்பேக்கரின் எட்டு ஆண்டுகள்

2020 ஜனவரி 14 அன்று அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் கரோலைனா பாந்தர்ஸ் அணி ஒரு வீடியோ வெளியிட்டது. தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் லூக் கீக்லி அதில் ஓய்வை அறிவித்தார். வயது 28. அப்போதுதான் முடிந்திருந்த சீசனில் 16 ஆட்டங்களிலும் இறங்கி 144 டேக்கிள் (பந்தோடு வருபவரை வீழ்த்துவது) எடுத்திருந்தார். லீக்கின் நட்சத்திர ஆட்டமான ப்ரோ போலுக்கு ஏழாவது முறையாகத் தேர்வாகியிருந்தார். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. நடக்க முடியாத காயம் எதுவும் இல்லை.

புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்குக் காரணம் பிடிபடாது. அந்த 144ஐ 2015ன் 118க்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு ஆண்டுகளிலும் அவருக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். நடு லைன்பேக்கருக்கு இரண்டு கவசம் உண்டு. முன்னால் நிற்கும் இரண்டு கனத்த ஆட்கள் ஒன்று. பந்து நகர்வதற்கு முன்பே ஆட்டத்தைப் படித்துவிடும் கண் மற்றது. இவை சரியாக இருக்கும்வரை உடல் தப்பும். ஒன்று போனால் பாரம் முழுக்கத் தலையிலும் கழுத்திலும் இறங்கும்.

அந்த இடத்து வேலை

தற்காப்பில் 11 பேர். பாந்தர்ஸ் அப்போது ஆடிய 4-3 அமைப்பில் முன்வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின் மூன்று லைன்பேக்கர்கள், கடைசியில் நால்வர். நடு லைன்பேக்கரைப் பொதுவாக 'மைக்' என்று அழைப்பார்கள். பந்துக்கு நான்கைந்து யார்டு பின்னால், எதிரணி முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைத் தொடங்கிவைக்கும் சென்டருக்கு ஏறக்குறைய நேர் எதிரே நிற்பார். எதிரணி பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள் மூவரோடு வந்தால் ஒரு லைன்பேக்கர் வெளியே போய் ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக் கூடுதலாக ஒருவர் உள்ளே வருவார். அப்போதும் வெளியேறாமல் நிற்கும் இருவர் பாந்தர்ஸில் கீக்லியும் தாமஸ் டேவிஸும்.

ஒரு முயற்சி (பந்து நகர்ந்து நிற்கும்வரை) முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. தற்காப்பில் ஒருவரின் ஹெல்மெட்டில் மட்டும் ரேடியோ இருக்கும். அந்த ஹெல்மெட்டின் பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். இந்த வசதி தற்காப்புக்கு வந்தது 2008ல். பயிற்சியாளர் பேசுவது கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது தானாக அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி அணிவகுப்பை மாற்றினாலும், ரிசீவர் ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடினாலும், முடிவெடுக்க வேண்டியவர் பச்சைப் புள்ளிக்காரர். முன்வரிசையை எந்தப் பக்கம் நகர்த்துவது, யாருக்கு எந்த இடைவெளி, பின்னால் பாஸைக் காக்கும் ஏற்பாடு (கவரேஜ்) என்ன என்று பத்து பேருக்கும் கத்திச் சொல்ல அவருக்கு ஆறேழு விநாடி கிடைத்தால் அதிகம். பாந்தர்ஸில் அந்த வேலை கீக்லியுடையது.

ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், மைக் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, சென்டரின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு கார்டுகளை. கபடியில் தேர்ந்த கார்னர் ஆட்டக்காரர் ரைடரின் கையை விட்டுவிட்டு இடுப்பையும் காலையும் பார்ப்பார். கை ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. பந்தோடு ஓடும் ரன்னிங்பேக்கின் முதல் அடி பல சமயம் பொய். கார்டின் முதல் அடி பெரும்பாலும் உண்மை. ஒரு கார்டு வரிசையை விட்டு விலகி மறுபக்கம் ஓடினால் பந்து அந்தப் பக்கம்தான் போகப்போகிறது. அவரைப் பின்தொடர்ந்தாலே போதும். இரண்டு கார்டும் ஒரே பக்கம் சாய்ந்து அடி வைத்தால் அது ஸோன் ஓட்டம். மைக்கும் பக்கவாட்டில் நகர வேண்டும், ஆனால் பந்துக்கு அரை அடி பின்தங்கியே நகர வேண்டும். ஆர்வத்தில் முந்தினால் ஓடுபவர் சட்டென்று திரும்பி அவர் விட்டுப்போன இடைவெளியில் நுழைந்துவிடுவார். கார்டின் தலை நிமிர்ந்து கால் பின்னுக்குப் போனால் பாஸ். நிமிர்ந்து பிடித்தவர் ஒரு விநாடியில் பிடியை விட்டுப் பக்கத்தில் நழுவினால் ஸ்க்ரீன், அதாவது தடுப்பவர்கள் முன்னே போகக் கொடுக்கும் குறும் பாஸ்.

சொல்வதற்குச் சுலபம். இதையெல்லாம் அரை விநாடிக்குள் பார்த்து முதல் அடி வைக்க வேண்டும். தவறினால் 140 கிலோ கார்டு ஒருவர் முழு வேகத்தில் வந்து மார்பில் இறங்குவார்.

பாஸ்டனிலிருந்து ஒன்பதாம் தேர்வு வரை

கீக்லி ஓஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் 1991ல் பிறந்தவர். செயின்ட் சேவியர் பள்ளியில் ஆடிவிட்டு பாஸ்டன் கல்லூரிக்குப் போனார். 2009ல் அவர் சேர்ந்த சமயம் அங்கே லைன்பேக்கர் பஞ்சம். கல்லூரியின் நட்சத்திரமான மார்க் ஹெர்ஸ்லிக் எலும்புப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்தார். வழக்கமாக ஓர் ஆண்டு ஓரத்தில் உட்கார வேண்டிய புது மாணவர் நேராகக் களத்துக்கு வந்துவிட்டார். முதல் ஆண்டில் 158 டேக்கிள், இரண்டாம் ஆண்டில் 183, மூன்றாம் ஆண்டில் 191. கடைசி இரண்டு ஆண்டும் நாட்டிலேயே முதலிடம். 38 ஆட்டத்தில் மொத்தம் 532, அதாவது ஆட்டத்துக்கு 14. 2011ல் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதும், நகர்ஸ்கி, லம்பார்டி விருதுகளும் வந்தன.

தொழில்முறை அணிகளுக்கு அப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. கண்ணால் ஆடுபவர் சரி, காலில் வேகம் உண்டா? 2012 தேர்வு முகாமில் 6 அடி 3 அங்குலம், 242 பவுண்டு உடலோடு 40 யார்டை 4.58 விநாடியில் ஓடினார். நின்ற இடத்திலிருந்து 38 அங்குலம் எகிறினார். சந்தேகம் தீர்ந்தது. ஏப்ரல் 26 அன்று, அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், பாந்தர்ஸ் அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது.

அந்த அணியின் தேவையும் தெளிவானது. முந்தைய சீசனில் நடு லைன்பேக்கர் ஜான் பீசனுக்கு முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. தாமஸ் டேவிஸுக்கு ஒரே முழங்காலில் மூன்றாவது முறையாக ஏசிஎல் தசைநார் கிழிந்தது. தலைமைப் பயிற்சியாளர் ரான் ரிவேரா 1985 சிகாகோ பேர்ஸ் அணியில் லைன்பேக்கராக இருந்தவர். அந்த இடத்தின் மதிப்பு அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் நான்கு ஆட்டங்களில் கீக்லி ஓர லைன்பேக்கராகத்தான் இறங்கினார். நடுவில் பீசன் இருந்தார். ஓரத்தில் அவர் கொஞ்சம் திணறினார் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே தெரிவது பாதி ஆட்டம். அவருடைய பலமோ முழு வரிசையையும் ஒரே பார்வையில் பிடிப்பது. பீசன் மறுபடி காயப்பட்டதும் ஐந்தாவது வாரத்தில் நடுவுக்கு வந்தார். சீசன் முடிவில் 164 டேக்கிளோடு லீக்கில் முதலிடம், சிறந்த புதுமுகத் தற்காப்பு ஆட்டக்காரர் விருது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பீசனை நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

2013ல் 22 வயதில் லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது கிடைத்தது. அந்த டிசம்பர் 22ல் கொட்டும் மழையில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிராக 24 டேக்கிள். ஒரே ஆட்டத்தில் அதிகம் என்ற பட்டியலில் உச்சத்தைத் தொட்ட எண் அது. ஆட்டத்தை பாந்தர்ஸ் 17-13 என்று வென்றது. டேக்கிள் என்பது லீக் உத்தரவாதம் தரும் கணக்கு அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உள்ளூர் மைதானத்தின் பதிவாளர்கள் மேலிருந்து பார்த்துக் குறிப்பது. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் யாருக்கு முழுசு, யாருக்குப் பாதி என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும்.

முன்னால் நின்ற இருவர்

2013 தேர்வில் பாந்தர்ஸ் முதல் இரண்டு சுற்றுகளிலும் தற்காப்பு முன்வரிசையின் நடுவுக்கே ஆள் எடுத்தது: ஸ்டார் லோட்டுலெலெய், கவான் ஷார்ட். கீக்லியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் வரி இது. அவருடைய உச்சம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓட்டத் தாக்குதலில் சென்டரும் கார்டும் சேர்ந்து எதிரே உள்ள கனத்த ஆளை முதலில் தள்ளுவார்கள். அவர் நகர்ந்ததும் இருவரில் ஒருவர் பிரிந்து லைன்பேக்கரை நோக்கி ஏறுவார். அந்தப் பிரிவு எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நேரம் மைக் சுதந்திரமாக ஓடலாம். லோட்டுலெலெய் போன்றவர் இருவரையும் ஒன்றரை விநாடி பிடித்து வைத்துக்கொண்டால், மைக்கின் மேல் கை வைக்க யாரும் வரமாட்டார்கள். அவர் ஓடி வந்து, பந்தோடு வருபவரை வரிசைக்கு அருகிலேயே, தோளால், தான் விரும்பிய கோணத்தில் வீழ்த்தலாம். லோட்டுலெலெய் கணக்கில் டேக்கிள் குறைவாகவே இருக்கும். கீக்லி கணக்கில் ஏறியதில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

தற்காப்புப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மாட் இதன் மேல் இன்னொன்றைக் கட்டினார். 10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் (டவுன்) மூன்றாவதில் கீக்லியையும் டேவிஸையும் சென்டரின் இரு பக்கத்து இடைவெளிகளிலும் முன்வரிசையிலேயே கொண்டுபோய் நிறுத்துவார். இருவரும் பாய்ந்தால் சென்டர் ஒருவரைத்தான் தடுக்க முடியும். எனவே தாக்கும் அணி ரன்னிங்பேக்கை நடுவுக்குள் இழுத்துத் தடுப்பை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றி முடித்த பிறகு இருவரும் பாயாமல் பின்னால் ஓடிவிடுவார்கள். பாய்வது ஓரத்திலிருந்து வேறு ஒருவர்.

இதில் தவறு நடக்கும் இடம், பின்னோக்கி ஓடும் அந்த ஓட்டம். முன்வரிசையில் நின்றவர் இரண்டரை விநாடிக்குள் இடுப்பைத் திருப்பி 12 முதல் 15 யார்டு போக வேண்டும். போகாவிட்டால் நடுப்பகுதி காலி. குறுக்கே வரும் ரிசீவருக்குப் பந்து சுலபமாகப் போகும். பல அணிகள் இதைப் பின்பற்றப் பார்த்து இங்கேதான் மாட்டிக்கொண்டன. டாம்பா 2 கவரேஜிலும் இதே கணக்குதான்: மைக் நடுவில் ஆழமாக ஓடி, கடைசி வரிசையில் நிற்கும் இரண்டு சேஃப்டிகளுக்கும் இடையில் உள்ள ஓட்டையை அடைக்க வேண்டும். 110 கிலோ உடலோடு இதைச் செய்ய 4.58 வேகம் போதாது. எந்த ரிசீவர் அந்த ஓட்டைக்கு வருவார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படம் பார்ப்பது

அதை அவர் தெரிந்துகொண்டது படத்திலிருந்து. அணிகளுக்குக் கிடைக்கும் பதிவில் 22 பேரும் தெரிவார்கள். ஒரு கோணம் பக்கவாட்டில் உயரத்திலிருந்து, இன்னொன்று கோல் முனைக்குப் பின்னாலிருந்து. லைன்பேக்கருக்கு வேண்டியது இரண்டாவது. கார்டின் கால் எந்தப் பக்கம் எடை ஏந்துகிறது, வரிசையில் ஆளுக்கு ஆள் இடைவெளி எவ்வளவு, தரையில் ஊன்றிய விரல்கள் வெளுத்திருக்கின்றனவா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். விரல் வெளுத்தால் எடை முன்னால், ஓட்டமாக இருக்க வாய்ப்பு. கை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பாஸ், அல்லது விலகி ஓடப்போகிறார்.

வாரத்தின் ஒழுங்கு எல்லா அணிக்கும் ஏறக்குறைய ஒன்றே. புதன்கிழமை முதல், இரண்டாம் டவுன். வியாழன் மூன்றாம் டவுன். வெள்ளி கோல் கோட்டுக்கு அருகே 20 யார்டும் கடைசி இரண்டு நிமிடமும். சனி நடந்து பார்க்கும் ஒத்திகை. பயிற்சியாளர்கள் எதிரணியின் ஆட்டங்களை டவுன், தூரம், களத்தில் இறங்கிய ஆட்கள் என்று பிரித்துக் கொடுப்பார்கள். இரண்டாம் டவுன், 7 யார்டு தேவை, ஒரு ரன்னிங்பேக், ஒரு டைட் எண்ட், பந்து இடது கோட்டில்: இந்த நிலையில் அவர்கள் கடைசி நான்கு ஆட்டங்களில் என்ன செய்தார்கள்? விடை இரண்டு அல்லது மூன்று ஆட்டமாகச் சுருங்கும். அதற்குப் பிறகு அணிவகுப்பைப் பார்த்ததும் மூன்றில் ஒன்று விழும். ரிசீவர் நகர்ந்ததும் இன்னொன்று விழும்.

கீக்லி எதிரணியின் ஆட்டத்தை ஸ்னாப்புக்கு முன்பே உரக்கச் சொல்வது தொலைக்காட்சி ஒலிவாங்கிகளில் பல முறை பிடிபட்டிருக்கிறது. ரசிகர்கள் அதை மந்திரம் போலப் பேசுவார்கள். மேலே சொன்ன கழித்தல்தான் அது. வித்தியாசம், அதை அவர் 60 ஸ்னாப்புக்கும் விடாமல் செய்தார் என்பது.

பலன், எதிரணியின் பாஸைப் பறிக்கும் இன்டர்செப்ஷன் கணக்கில் தெரியும்: எட்டு ஆண்டில் 18. நடு லைன்பேக்கருக்கு அது பெரிய எண். 2015 நவம்பர் 26, நன்றி நாள் அன்று டாலஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக டோனி ரோமோ வீசிய அடுத்தடுத்த இரண்டு பாஸ்களை எடுத்தார். ஒன்றை 32 யார்டு ஓடி, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆக்கினார். பாந்தர்ஸ் 33-14. அந்த சீசனில் அணி 15 வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃபில் சியாட்டிலுக்கு எதிராக ஒரு இன்டர்செப்ஷன் டச்டவுன், அடுத்த வாரம் அரிசோனாவுக்கு எதிராக இன்னொன்று. இறுதி ஆட்டமான சூப்பர் போல் 50ல் டென்வரிடம் 24-10 என்று தோற்றார்கள். தற்காப்பின் மேல் அன்று பெரிய குறை சொல்ல முடியாது. ஆட்டம் போனது பந்தை வீசும் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனைச் சுற்றிய தடுப்பு சரிந்ததால். அதில் தாமஸ் டேவிஸ் இரண்டு வாரம் முன்பு முறிந்த கையில் தகடும் திருகுகளும் வைத்து ஆடினார். இந்த இடத்துக்காரர்கள் வலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதற்கு அது ஓர் அளவு.

தலையில் விழுந்த அடிகள்

அந்த 2015 சீசன் தொடங்கியதே கன்கஷன் என்ற மூளை அதிர்வில்தான். செப்டம்பர் 10 வாக்கில் ஐந்தாண்டுக்கு 6.2 கோடி டாலர் நீட்டிப்பு ஒப்பந்தம். 13ஆம் தேதி ஜாக்சன்வில்லில் முதல் ஆட்டத்தில் தலையடி. மூன்று ஆட்டம் வெளியே இருந்தார். அதற்கடுத்து அணிக்கு ஓய்வு வாரம் வந்ததால் கூடுதலாக ஒரு வாரம் கிடைத்தது.

கன்கஷனில் மண்டை ஓட்டுக்குள் மூளை முன்பின்னாகவும், முக்கியமாகச் சுழன்றும் அசைகிறது. நீண்ட நரம்பு இழைகள் இழுபடுகின்றன. ஹெல்மெட் மண்டை ஓடு உடைவதைத் தடுக்கும். உள்ளே நடக்கும் சுழற்சியை நிறுத்தாது. தலை நேரடியாக மோத வேண்டும் என்றுகூட இல்லை. மார்பில் விழும் அடி தலையைச் சொடுக்கினாலும் போதும். முன்வரிசை ஆட்கள் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் சிறு அடிகள் வாங்குவார்கள். லைன்பேக்கருக்கு அடிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் இரு தரப்பும் ஓடி வந்து மோதுவதால் ஒவ்வொன்றும் கனம்.

களத்துக்குத் திரும்பி வரும் நெறிமுறை ஐந்து படி. முதலில் அறிகுறி கிளம்பாத அளவுக்கு மட்டும் நடமாட்டம். பிறகு சைக்கிள், ட்ரெட்மில் போன்ற இதயப் பயிற்சி. மூன்றாவது, ஆட்டத்துக்கே உரிய ஓட்டமும் எடைப் பயிற்சியும். நான்காவது, மோதல் இல்லாத அணிப் பயிற்சி. ஐந்தாவது, முழுப் பயிற்சி. அதற்கு அணி மருத்துவரோடு அணியைச் சாராத நரம்பியல் ஆலோசகரும் ஒப்புதல் தர வேண்டும். எந்தப் படியிலாவது தலைவலி, வெளிச்சக் கூச்சம், மயக்கம் திரும்பினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். படிக்கு இத்தனை நாள் என்ற கணக்கு கிடையாது. பலவீனமான இடமும் இதில் உண்டு: அறிகுறியைச் சொல்ல வேண்டியவர் ஆட்டக்காரர்தான்.

2016 நவம்பர் 17, வியாழன் இரவு, சொந்த மைதானம், மறுபடி நியூ ஆர்லியன்ஸ். நான்காம் கால்பகுதியில் ரன்னிங்பேக் டிம் ஹைடவர் முன்னால் வர, கீக்லி மோதினார். எழவில்லை. வண்டியில் ஏற்றும்போது மூச்சு வாங்க, அடக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தார். தொலைக்காட்சி அதை முழுக்கக் காட்டியது. பார்த்தவர்கள் அதை வலி என்றோ சோகம் என்றோ எடுத்துக்கொண்டார்கள். மூளையில் அடி விழுந்தபின் உணர்ச்சியை ஆளும் கட்டுப்பாடு தற்காலிகமாகத் தளர்வது கன்கஷனின் அறியப்பட்ட அறிகுறிகளில் ஒன்று.

மீதி ஆறு ஆட்டமும் அவர் ஆடவில்லை. டிசம்பரில் நெறிமுறையைத் தாண்டி ஒப்புதல் வாங்கிய பிறகும் அணி அவரை நிறுத்தியே வைத்தது. ப்ளேஆஃப் வாய்ப்பு ஏறக்குறைய போய்விட்டதால் அந்த முடிவு சுலபமானது. 12 வெற்றியோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான்.

2017ல் கழுத்தைச் சுற்றி ஒரு வளையத்தோடு வந்தார். க்யூ-காலர் என்று பெயர். கழுத்து நாளங்களை லேசாக அழுத்தி, மண்டைக்குள் கொஞ்சம் கூடுதல் ரத்தத்தைத் தேக்கி, மூளை அசைய இடம் குறைப்பது அதன் எண்ணம். 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை விற்க அனுமதித்தது. கன்கஷனைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. கீக்லி அணிந்த காலத்தில் அந்த அனுமதியும் இல்லை. அக்டோபர் 12 அன்று பிலடெல்பியாவுக்கு எதிராக மறுபடி வெளியேறி நெறிமுறைக்குள் போனார். இம்முறை ஓர் ஆட்டம்தான் தவறியது. மூன்று சீசன், மூன்று முறை.

இதற்கிடையே லீக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அவரைத் தேர்ந்தெடுத்த ஆறாம் நாள், 2012 மே 2ல், முன்னாள் லைன்பேக்கர் ஜூனியர் சியூ தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மூளையில் சிடிஇ நோய் இருந்தது அடுத்த ஜனவரியில் உறுதியானது. திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புள்ள அந்த நோயை இறந்த பின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். உயிரோடு இருப்பவருக்கு நிச்சயமான சோதனை கிடையாது. 2015 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ் போர்லண்ட், ஒரே சீசன் ஆடிய லைன்பேக்கர், தலையடி பயத்தால் 24 வயதில் விலகினார். அதே மாதம் அதே அணியின் பேட்ரிக் வில்லிஸ் 30 வயதில் பாதக் காயங்களால் விலகினார். கீக்லியின் முடிவை இருவரோடும் ஒப்பிடுவார்கள். போர்லண்ட் வருமுன் காத்தவர். வில்லிஸ் கால் ஒத்துழைக்காதவர். கீக்லி இருவருக்கும் நடுவில் நிற்கிறார்.

கடைசி இரண்டு சீசன்

2018ல் அவர் ஆடியது ஒருவேளை அவருடைய ஆகச் சிறந்த ஆண்டு. 130 டேக்கிள், அதில் 20 வரிசைக்குப் பின்னாலேயே விழுந்தவை. ஐந்தாவது முறையாக, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணி. ஆனால் மெக்டெர்மாட் 2017லேயே பஃபலோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போயிருந்தார். லோட்டுலெலெய் 2018ல் அவர் பின்னாலேயே போனார். டேவிஸ் அந்த சீசன் முடிவில் அணியை விட்டுப் போனார். அணி 6-2 என்று தொடங்கி 7-9 என்று முடித்தது.

2019ல் பாந்தர்ஸ் முன்வரிசையில் மூவரை வைக்கும் அமைப்புக்கு நகர்ந்தது. கவான் ஷார்ட் இரண்டு ஆட்டத்தோடு தோள் காயத்தில் சீசனை இழந்தார். விளைவு படு மோசம்: எதிரணிகள் ஓட்டத்தில் மட்டும் 31 டச்டவுன் எடுத்தன, ஓட்டத்துக்குச் சராசரி 5.2 யார்டு. டிசம்பரில் ரிவேரா நீக்கப்பட்டார். அணி கடைசி எட்டையும் தோற்று 5-11ல் நின்றது.

இந்த நிலையில்தான் 144 டேக்கிள் வருகிறது. எதிரணி நிறைய ஓடினால் வீழ்த்த நிறைய வாய்ப்பு, எண் ஏறும். ஆனால் அந்த டேக்கிள்கள் விழும் இடம் மாறியிருந்தது. 2015ல் பந்து வரிசையைத் தாண்டும்போதே பிடித்தவர், 2019ல் தன்னைத் தேடி ஏறி வந்த கார்டை முதலில் உதறி, பிறகு வேகம் பிடித்துவிட்ட ரன்னிங்பேக்கை ஐந்து ஆறு யார்டு தள்ளிச் சந்திக்க வேண்டியிருந்தது. கண் அப்போதும் கூர்மைதான்; 16 ஆட்டங்களிலும் ஒரு கன்கஷன் அறிவிப்பு வரவில்லை. ஒரு கவசம் போய்விட்டதால் ஒவ்வொரு டேக்கிளுக்கும் கொடுக்கும் விலை ஏறியது என்பது எங்கள் கணிப்பு. அணி புதிதாகக் கட்டப்படப்போகிறது, அதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதும் அந்த ஜனவரியில் எல்லோருக்கும் தெரிந்தது.

அறிவிப்பில் அவர் கன்கஷன் என்ற பேச்சை எடுக்கவில்லை. சிறு வயதிலிருந்து வேகமாக, முரட்டுத்தனமாக, பலமாக ஆடுவது ஒன்றுதான் தனக்குத் தெரிந்த வழி, இனி அப்படி ஆட முடியுமா என்று தெரியவில்லை என்ற பொருளில் பேசினார். லைன்பேக்கர் விஷயத்தில் இது மனநிலை பற்றிய பேச்சு மட்டும் இல்லை. மோதலுக்குக் கால் இழுப்பவர் நின்ற நிலையில் அடி வாங்குவார். ஓடி வருபவரின் வேகம் முழுக்க அவர் கழுத்தில் இறங்கும். தயங்கி ஆடும் மைக், துணிந்து ஆடும் மைக்கை விட ஆபத்தில் இருப்பார். பாதி மனதோடு இரண்டு ஆண்டு சம்பளம் வாங்கிப் போகலாம் என்ற வழி இந்த இடத்தில் கிடையாது.

மொத்தம் 118 ஆட்டம், எல்லாமே தொடக்கத்திலிருந்து. 1,092 டேக்கிள், 18 இன்டர்செப்ஷன், 12.5 சாக் (பாஸ் வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). கல்லூரி கால்பந்தின் புகழ் மன்றம் 2023ல் அவரைச் சேர்த்துக்கொண்டது.

2020 கோடையில் அதே பாந்தர்ஸில் பிற அணி ஆட்டக்காரர்களை மதிப்பிடும் ஸ்கவுட் வேலையில் சேர்ந்தார். ஓர் ஆண்டில் விட்டுவிட்டார். 2022லிருந்து அணியின் ரேடியோ வர்ணனையில் வந்தார். அவர் விட்டுப்போன இடத்துக்கு பாந்தர்ஸ் 2020 மார்ச்சில் தஹிர் வைட்ஹெட்டை ஒப்பந்தம் செய்தது. அடுத்த மாதம் நடந்த தேர்வில் எடுத்த ஏழு பேரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். முதலாமவர் முன்வரிசையின் நடுவில் நிற்கும் டெரிக் பிரவுன்.